டி-டைமர் கூடுதலாக வந்தால் காலில் ரத்தக்கட்டு உறுதியா?

அம்மாவுக்கு 72 வயது, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது, டி-டைமர் 680 என்று வந்திருக்கிறது, ரத்தம் உறைந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கீழக்கரையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அந்த எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. 'கட்டு இல்லை' என்று சொல்லத்தான் இந்தப் பரிசோதனை கைகொடுக்கும். 'இருக்கிறது' என்று சொல்ல அல்ல.

உறைந்த ரத்தத்தை உடல் கரைக்கும்போது உதிரும் புரதத் துணுக்குதான் டி-டைமர். காலின் உள்ளே ஆழமாக ஓடும் ரத்தக்குழாயில் (ஆழ்சிரை) புதிதாகக் கட்டு விழுந்தால் பெரும்பாலும் இது ஏறிவிடும். ஆனால் கர்ப்பம், அறுவை சிகிச்சை, புற்றுநோய், நிமோனியா, முதுமை என எதிலும் ஏறும். எங்கள் பக்கம் திருக்கை முள் குத்தி, புண் சீழ் பிடித்துக் கால் வீங்கி வருபவர்கள் உண்டு. அவர்களுக்கும் கூடுதலாகத்தான் வரும்.

அதனால் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதற்கு முன்பே மருத்துவர் காலைப் பார்த்திருக்க வேண்டும். வளைகுடாவிலிருந்து விமானத்தில் வந்த ஒருவர், "எதற்கும் ஒன்று எடுத்துவிடுங்கள் தம்பி" என்று நேராக எங்களிடம் வந்தார். மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் முழங்காலுக்குக் கீழ் எலும்பு மேட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் இறக்கி, இரண்டு கெண்டைக்காலையும் டேப்பால் அளந்தார். வித்தியாசம் 3 சென்டிமீட்டருக்கு மேல் போனால் ஒரு மதிப்பெண். புற்றுநோய், படுத்த படுக்கை, முன்பு கட்டு வந்தது, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒன்று; வீக்கத்துக்கு வேறு காரணம் பொருத்தமாகத் தெரிந்தால் இரண்டு குறையும். இதையெல்லாம் கூட்டி, கட்டு இருக்கும் சந்தேகம் எவ்வளவு என்று மதிப்பிடுவதுதான் வெல்ஸ் கணக்கு. சந்தேகம் குறைவாக இருந்து டி-டைமரும் இயல்பாக வந்தால் ஸ்கேன் வேண்டியதில்லை. சந்தேகம் வலுவாக இருந்தால் டி-டைமர் எதைச் சொன்னாலும் டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) எடுத்தே ஆக வேண்டும். உடல் பரிசோதனை 'பேக்கேஜ்' என்று இதையும் சேர்த்து விற்பது எனக்குப் பிடிப்பதில்லை. வீண் செலவு, வீண் பயம்.

உங்கள் 680-க்கு வருகிறேன். அறிக்கையில் அலகைப் பாருங்கள். எஃப்இயூ (FEU) என்றால் வழக்கமான எல்லை 500. டிடியூ (DDU) என்றால் ஏறக்குறைய அதில் பாதி. எஃப்இயூ அளவில், 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி எல்லை வைக்கும் மருத்துவர்கள் பலர். அந்தக் கணக்கில் அம்மாவுக்கு 720. 680 அதற்குள் அடங்கும். ஆனால் முதலில் சந்தேகம் குறைவு என்று மருத்துவர் முடிவு செய்திருந்தால்தான் இது செல்லும். ரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே ஊசியோ மாத்திரையோ தொடங்கியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், எண் பொய்யாகக் குறைந்து வரலாம்.

ஒரு கால் வீக்கத்தோடு திடீரென மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் பரிசோதனைக் கூடத்தைத் தேடாதீர்கள். 108-ஐ அழைத்து, அவசர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.