பாதி விலை வோஷிங் மெஷின்: காசு போடலாமா?

கேள்வி: நிலாவெளியில் சின்ன விருந்தினர் விடுதி நடத்துகிறேன். 160,000 ரூபாய் வோஷிங் மெஷினை 78,000 ரூபாய்க்குத் தருவதாக பேஸ்புக்கில் ஓர் இணையக் கடையின் விளம்பரம் வந்தது. தளத்தில் கொழும்பு முகவரியும் கம்பனிப் பதிவு இலக்கமும் இருக்கின்றன. ஆனால் முழுப் பணத்தையும் ஒரு தனி ஆளின் வங்கிக் கணக்கில் இன்றைக்கே போடச் சொல்கிறார்கள். போடலாமா? ஏமாற்றினால் வழக்குப் போட முடியுமா?

பதில்: போடாதீர்கள்.

வழக்குப் போடலாம்தான், ஆனால் யார்மேல்? வழக்குக்கு முன் அனுப்பும் கோரிக்கைக் கடிதத்தை எழுத உட்கார்ந்தால், சட்டத்தரணியான எனக்கு முதலில் ஒரு பெயரும் முகவரியும் வேண்டும். நீங்கள் சொல்லும் கடையில் கம்பனி ஒன்று, காசு வாங்குபவர் வேறொருவர். இப்படியான கணக்குகள் பலவேளை வாடகைக்கு எடுத்தவை. கணக்குக்காரரின் விபரத்தை வங்கி உங்களுக்கோ எனக்கோ சும்மா தராது. அதற்குப் பொலிஸோ நீதிமன்றமோ தலையிட வேண்டும்.

பதிவு இலக்கத்தைக் கண்டு மயங்க வேண்டாம். வேறொரு கம்பனியின் இலக்கத்தை எடுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடுங்கள். அங்கிருக்கும் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் அத்தோடு விட்டுவிடுங்கள். அவர்களின் பேஸ்புக் பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்பதையும் அந்தப் பக்கத்தின் விபரங்களிலேயே பார்க்கலாம். போன மாதம் வரை சமையல் குறிப்புப் பக்கமாக இருந்தது இன்று இலத்திரனியல் கடையாகியிருந்தால் வேறு ஆதாரமே தேவையில்லை. முகவரிப் பட்டியில் தெரியும் பூட்டுச் சின்னத்தைப் பலர் நம்புகிறார்கள். இணைப்பு மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது, அதாவது நீங்கள் அனுப்புவதை இடையில் வேறு யாரும் படிக்க முடியாது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது, கள்ளனின் தளத்திலும் அது இருக்கும்.

"பொருள் வந்ததும் பார்த்துக் காசு தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான கடை மறுக்கவும் கூடும், ஆனால் மறுத்துவிட்டு அவசரப்படுத்தினால் உசாராகுங்கள். முன்கூட்டிக் கட்டியே ஆகவேண்டுமென்றால் வங்கி அட்டை மூலம் கட்டுங்கள். பொருள் வராவிட்டால் உங்கள் வங்கியிடம் அந்தக் கொடுப்பனவை ஆட்சேபிக்க வழி இருக்கிறது. கணக்குக்குப் போட்ட காசை வங்கி தானாகத் திருப்பி எடுத்துத் தராது.

சட்டத்தைப் பொறுத்தவரை, ஏமாற்றிப் பணத்தைப் பெறுவது தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவின் கீழ் குற்றம், 7 வருடம் வரை சிறை கிடைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் வியாபாரி பொய்யான விபரம் சொல்லி விற்பதைத் தடுக்கிறது. அதன்படி, பொருளை வாங்கிய 3 மாதத்துக்குள் முறைப்பாட்டை அதிகார சபையிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதிகார சபையின் அவசர இலக்கம் 1977. ஆளே யாரென்று தெரியாத இடத்தில் பொலிஸ் முறைப்பாடுதான் முதலில்.

இதற்கிடையில் முற்பணம் ஏதாவது அனுப்பியிருந்தால் இன்றைக்கே உங்கள் வங்கிக்கு அறிவியுங்கள். வட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம். விளம்பரம், தளத்தின் முழு முகவரி, பணம் போட்ட ரசீது எல்லாவற்றையும் திகதி தெரியும்படி படம் பிடித்து எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். "சுங்க வரி கட்டினால்தான் பொருள் வரும்" என்று இன்னொரு தொகை கேட்பார்கள், அதைக் கொடுக்காதீர்கள்.