பழைய மாருதி 800-ல் கிளட்ச் பிளேட் மட்டும் மாற்றினால் போதுமா?

உங்கள் வண்டி 2004 மாடல் மாருதி 800. ஏற்றத்தில் எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. பிளேட் மட்டும் போதுமா, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் என முழு செட்டும் மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்றுவதென்றால் செட்டாகவே மாற்றுங்கள். ஆனால் கியர்பாக்ஸில் கை வைக்கும் முன் கேபிளைப் பார்த்துவிடுங்கள்.

800-ல் கிளட்ச் கேபிளில்தான் வேலை செய்கிறது. பெடலைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கனம் தெரியும் முன் ஏறக்குறைய 2 செ.மீ. சும்மா இறங்க வேண்டும். அந்தத் தளர்வே இல்லையென்றால், நீங்கள் காலை எடுத்த பிறகும் ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டை அழுத்திக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். பிளேட் நன்றாக இருந்தாலும் வழுக்கும், அதாவது எஞ்சின் சுற்றுவது சக்கரத்துக்கு முழுதாகப் போகாது. கேபிளின் கியர்பாக்ஸ் பக்க முனையில் ஒரு நட்டு இருக்கும். அதைத் திருகிச் சரிசெய்வது சில நிமிட வேலை. பிளேட் தேயத் தேய இந்தத் தளர்வு குறைந்துகொண்டே வரும், அதனால் ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள். தளர்வு அதிகமானால் வேறு தொல்லை: ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று பல் கடிக்கும்.

கேபிள் சரியாக இருந்தும் வழுக்குகிறதா? சமதளத்தில், முன்னால் ஆளில்லாத இடத்தில் ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தபடி கிளட்சை விடுங்கள். எஞ்சின் சட்டென்று நின்றுவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடினால் பிளேட் முடிந்தது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் இருப்பதும் கருகிவிடும்.

என்னிடம் இருப்பதும் 800தான், அப்பா 1997-ல் வாங்கியது. நான் கார் ஓட்டப் பழகியதே அதில்தான், விற்க இன்றுவரை மனசு வரவில்லை. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி தாண்டுவதற்குள் காகிதமும் ரப்பரும் சேர்ந்து எரிவது போல ஒரு நெடி. முன்னால் பஸ் நின்ற இடங்களில் எல்லாம் ஹேண்ட்பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்சிலேயே (பெடலைப் பாதி மிதித்தபடி) வண்டியைத் தாங்கிப் பிடித்திருந்தேன். அன்றைக்கு அது தப்பென்றே தெரியாது.

ஊர் திரும்பியதும், செலவு குறையட்டும் என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிளேட்டை மட்டும் மாற்றினேன். ஆறு மாதம்கூட ஆகவில்லை, பெடலை மிதித்தால் கீச்சென்று சத்தம், விட்டால் நின்றுவிடும். ரிலீஸ் பேரிங் போய்விட்டது. அதன் விலை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அதை மாற்ற மறுபடியும் முன் சக்கரங்களின் டிரைவ் ஷாஃப்டைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்து, கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். கூலி இரண்டு முறை.

இரண்டாவது முறை வேறு மெக்கானிக் அண்ணன். பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பிளைவீலின் (பிளேட் அழுந்தும் எஞ்சின் பக்கச் சக்கரம்) முகத்தில் நகம் மாட்டும் அளவுக்கு வட்டமாகக் கீறல்கள், நடுநடுவே நீலம் பாய்ந்த திட்டுகள். பழைய பிளேட்டில் லைனிங் (உரசிப் பிடிக்கும் மேல்படலம்) தேய்ந்து, ரிவெட் தலைகள் வெளியே வந்து உரசிய தடம் அது. முதல் முறை அதைக் கவனிக்காமலே புதுப் பிளேட்டை மாட்டியிருக்கிறார்கள். கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலும் கசிந்திருந்தது. அந்த எண்ணெய் ஒரு துளி லைனிங்கில் பட்டாலே பிளேட் வழுக்கும், அல்லது முதல் கியரில் வண்டி உதறும். பிளைவீலை லேத்தில் கொடுத்து முகம் சீவி வாங்கினோம். சீல், பிளேட், பிரஷர் பிளேட், பேரிங், கேபிள் எல்லாம் புதிது. அதற்குப் பிறகு இந்தப் பக்கமே வேலை வரவில்லை.

அதனால் கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும் நேரத்தில் நீங்களும் பக்கத்தில் இருங்கள். பிளேட்டை நடுவில் நிறுத்த டம்மி ஷாஃப்ட் வைக்கிறார்களா என்று பாருங்கள். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும், ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. டிரைவ் ஷாஃப்ட் சீல்களையும் அப்போதே மாற்றிவிடலாம். கியர் ஆயிலை மறுபடி சரியான அளவுக்கு ஊற்றினார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊத விடாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

சாமான் வாங்கும்போது போலி மாட்டிக்கொள்ளாமல் இருக்க, பில் தருகிற கடையில் மட்டும் வாங்குங்கள். சென்னையில் இருந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய சாமான் மலிவுதான், ஆனால் கிளட்சைப் பழையதில் எடுக்காதீர்கள்.

மாற்றிய பிறகு முதல் 500 கி.மீ. பாரம் ஏற்றாமல், மலை ஏறாமல் நிதானமாக ஓட்டுங்கள். கியர் மாற்றி முடித்ததும் இடது காலைப் பெடலை விட்டு முழுதாக எடுத்துத் தரையில் வையுங்கள். அந்த 500 முடிந்ததும் பெடல் தளர்வை இன்னொரு முறை அளந்து பாருங்கள், புதுக் கேபிள் கொஞ்சம் இளகியிருக்கும்.