உட்கார்ந்தால் பிரியாத சூப்பர் ஹீரோ உடை: வாசகர் கேள்வி–பதில்

மகன் கல்லூரி விழாவுக்காக உடம்போடு ஒட்டிய லைக்ரா உடை தைத்தேனுங்க. போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கவட்டையில் தையல் விட்டுப்போகிறது. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை, நூல்தான் அறுகிறது. என்னிடம் இருப்பது பழைய கால் மிஷின்.
– வாசகி, திருப்பூர்

நூல் மட்டும் அறுகிறது என்று நீங்கள் கவனித்ததிலேயே பாதி விடை இருக்கிறது. லைக்ரா நீள்கிறது, நேர்த்தையல் நீளாது. உட்காரும்போது துணி நன்றாக விரியப் பார்க்கும். நூலுக்கு அந்த இடம் இல்லாததால் அறுந்துவிடுகிறது. உங்கள் ஊரில் இதற்குக் கவலையே வேண்டாம். அருகில் பனியன் தைக்கும் யாரிடமாவது கொடுத்து, முக்கியத் தையல்களை நான்கு நூல் ஓவர்லாக்கிலும் (ஓரத்தைச் சுற்றிப் பின்னும், நீளக்கூடிய தையல்), கை, கால் ஓரங்களை ஃபிளாட்லாக்கிலும் (பனியன் ஓரத்தில் வரும் தட்டையான தையல்) போட்டு வாங்குங்கள். வீட்டிலேயே முடிக்க வேண்டுமென்றால், ஜிக்ஜாக் வரும் மிஷினில் அகலம் 1 மி.மீ., நீளம் 2.5 மி.மீ. வைத்துத் தைக்கலாம். கால் மிஷினில் நேர்த்தையல் மட்டும்தான் வருமென்றால், துணியை முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பிடித்தபடி ஒரே கோட்டில் இரண்டு முறை ஓட்டுங்கள். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும், பருத்தி நூல் தாங்காது. ஊசியும் முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசியாக வேண்டும். கூர் ஊசி பின்னல் கண்ணியைக் குத்தி அறுக்கும், இடையிடையே தையலைத் தவறவும் விடும்.

ஆனால் தையலை மட்டும் மாற்றினால் போதாது, அளவும் காரணமாக இருக்கலாம். தோளில் டேப்பை வைத்து, முன்பக்கமாகக் கவட்டைக்கு இறக்கி, முதுகு வழியாக அதே தோளுக்குக் கொண்டுவந்து ஒரு சுற்றளவு எடுங்கள். பலர் இதை எடுப்பதே இல்லை. மார்பு, இடுப்பு, தொடை போன்ற சுற்றளவுகளில் 10 சதவீதம் குறைத்து வெட்டலாம். 36 அங்குல மார்புக்கு உடை சுமார் 32½ அங்குலம் இருந்தால் பிடிப்பாக நிற்கும். தோள்–கவட்டைச் சுற்றை அதே கணக்கில் குறைத்தால் இழுவை முழுவதும் ஒரே இடத்தில் விழும். அதைக் குறைக்காமல் விடுங்கள். கவட்டையில் நான்கு தையல்களும் ஒரே புள்ளியில் கூடாதபடி, பக்கத்துக்கு 4 அங்குலம் வரும் சாய்சதுரத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தால் இன்னும் நல்லது.

துணி வாங்கும்போது 4 அங்குலத்தை விரல்களால் பிடித்து இழுத்துப் பாருங்கள். அகலவாக்கில் 6 அங்குலமாவது, நீளவாக்கில் 5 அங்குலமாவது போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நீளும் துணியில் முழு உடை தைக்காதீர்கள், முழங்கையும் முழங்காலும் மடங்காது. 60 அங்குல அகலத்தில், சராசரி உயரமுள்ள ஆளுக்கு 3 மீட்டர் போதும். எடைக்கு வாங்கினால் 220 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் 220 கிராம்) துணியில் அது ஏறக்குறைய 1 கிலோ. கட் பீஸ் மலிவுதான், ஆனால் எல்லாத் துண்டும் ஒரே ரோலிலிருந்து வந்ததா என்று பாருங்கள். சாயத்தின் சின்ன வேறுபாடு கடைக்குள் தெரியாது, வெயிலில் நின்றால் தெரியும்.

தெர்மகோலில் மார்புக் கவசம் வெட்டி ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். அடித்த இடமெல்லாம் குழிகுழியாக அரித்துவிட்டது. எது சரியான பொருள்?
– வாசகர், கரூர்

ஸ்ப்ரே பெயின்டில் இருக்கும் கரைப்பான் தெர்மகோலைக் கரைத்துவிடும். மஞ்சள் ரப்பர் பசையும் அதையேதான் செய்யும். கவசத்துக்கு ஈ.வி.ஏ. ஃபோம் வாங்குங்கள், குழந்தைகள் விளையாடத் தரையில் விரிக்கும் பஸில் பாய் அதுதான். பஸ் பாடி கட்டும் ஊரில் இருக்கிறீர்கள், ரெக்சின், ஃபோம் விற்கும் கடைகளில் ஷீட்டாகவே கேட்டுப் பாருங்கள். மார்புக்கு 8–10 மி.மீ., கை, கால் காப்புக்கு 5 மி.மீ., மேலே ஒட்டும் கோடுகளுக்கு 2 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளவெடுக்க, பழைய பனியனைப் போட்டு அதன்மேல் பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். கவசத்தின் கோடுகளை அதன்மேல் வரைந்து, வெட்டிப் பிரித்தால் பேட்டர்ன் கிடைத்துவிடும். ஒரு பாதியை மட்டும் வரைந்து, திருப்பிப் போட்டு மறுபாதியை வெட்டுங்கள். இரண்டு பாதியையும் தனித்தனியாக வரைந்தால் ஒன்றுபோல் வராது. கட்டர் பிளேடை அடிக்கடி மாற்றுங்கள், மழுங்கிய பிளேடு ஃபோமைக் கடித்துப் பிய்க்கும்.

பிறகு ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) கொண்டு மேற்பரப்பு லேசாகப் பளபளக்கும்வரை சூடாக்கி, தொடைமேல் வைத்து வளைத்து, ஆறும்வரை பிடித்திருங்கள். ஒட்டுவதற்கு ரப்பர் பசையை இரு பக்கமும் மெல்லியதாகத் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத நிலை வரும்வரை சுமார் 10 நிமிடம் காத்திருந்து, பிறகு அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் வளைவில் வாய் பிளக்கும். பசை எளிதில் தீப்பிடிக்கும், எனவே ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பும் ஊதுபத்தியும் பக்கத்தில் வேண்டாம். பசை வாசம் போவதற்கு முன் ஹீட் கன்னையும் எடுக்காதீர்கள்.

பெயின்டுக்கு முன் ஃபோமின் நுண்துளைகளை அடைக்க வேண்டும். தச்சு வேலைக்கான வெள்ளை ஃபெவிகாலை 3 பங்கு, தண்ணீரை 1 பங்கு கலந்து, காயக் காய 3–4 கை பூசுங்கள். இதைத் தாண்டிக் குதித்தால் ஃபோம் பெயின்டை உறிஞ்சித் திட்டுத்திட்டாகக் காட்டும். அதன்மேல் அக்ரிலிக் பெயின்ட், கடைசியில் வார்னிஷ்.

மேலங்கி பறப்பதுபோல் நிற்க என்ன துணி? எப்படிக் கட்டுவது?
– வாசகர், பொள்ளாச்சி

கிரேப் நன்றாக விழும். சாட்டின் மின்னும், ஆனால் போட்டோவில் மலிவாகத் தெரியும் என்பது எங்கள் எண்ணம். அரைவட்டமாக வெட்டுங்கள்; தோளிலிருந்து கணுக்கால்வரை உள்ள நீளத்தில் 3 அங்குலம் குறைத்தால் அதுவே ஆரம். கழுத்தில் முடிச்சுப் போடவே கூடாது. இரு தோளிலும் வெல்க்ரோ வைத்தால் எங்காவது மாட்டி இழுபடும்போது கழன்று வந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடியில் லேசான துணி முகத்தைத்தான் மூடும், கீழ் ஓரத்தில் மெல்லிய கயிறு வைத்து மடித்துத் தையுங்கள். அந்த மாதங்களில் ஸ்ப்ரே வேலையையும் வெளியில் வைக்காதீர்கள், புழுதி அப்பிக்கொள்ளும். மேலங்கியோடு பைக்கில் ஏறுவது ஆபத்து. மடித்துப் பையில் வைத்துக் கொண்டுபோங்கள்.

நெஞ்சில் ஃபேப்ரிக் பெயின்டில் சின்னம் வரைந்தேன். போட்டதும் வெடித்துவிட்டது.
– வாசகி, கோபி

துணியைத் தட்டையாக வைத்து வரைந்திருப்பீர்கள். மார்பு அகலத்துக்கு அட்டை வெட்டி, உடைக்குள் நுழைத்து, போட்டால் எவ்வளவு விரியுமோ அவ்வளவு விரித்துவிட்டு வரையுங்கள். பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். இல்லையென்றால் வேறு நிற லைக்ராவில் சின்னத்தை வெட்டி ஜிக்ஜாக்கில் பதித்துவிடலாம், அதுதான் நிலைக்கும்.

ஆறு வயது மகளுக்குப் பள்ளி மாறுவேடப் போட்டி. இரண்டு நாள்தான் இருக்கிறதுங்க.
– வாசகி, பெருந்துறை

லைக்ரா வேண்டாம். இருக்கும் டி-சர்ட், லெக்கிங்ஸ், ஃபெல்ட் துணியில் வெட்டிய சின்னம், வெல்க்ரோ வைத்த குட்டை மேலங்கி போதும். பாலியஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும், குத்துவிளக்குப் பக்கம் நிற்க விடாதீர்கள்.

முகமூடியின் கண்ணில் ஒட்டிய கண்ணாடி ஐந்தே நிமிடத்தில் பனிக்கிறது.
– வாசகர், கோவை

மூச்சுக் காற்று வெளியேற வழியில்லை. மூக்குக்குக் கீழே 3–4 ஓட்டைகள் போட்டு, நெற்றிப் பக்கம் ஒரு விரற்கடை இடைவெளி விடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் லென்ஸை எடுத்துவிட்டு, கார் ஜன்னலில் மாட்டும் வெயில் தடுப்பு வலையை வெட்டி, வெளிப்பக்கம் மட்டும் வெள்ளை அக்ரிலிக்கை ஸ்பாஞ்சில் ஒற்றி ஒட்டுங்கள். உள்பக்கம் கறுப்பாகவே இருந்தால்தான் பார்வை தெரியும். வலையின் ஓட்டைகளைப் பெயின்ட் அடைத்தால் காய்வதற்குள் ஊதிவிடுங்கள். மாடிப்படி இறங்கும்போது மட்டும் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், காலடி தெரியாது.