பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கை ரீஸ்டோர் செய்து மண் பாதையில் ஓட்ட ஆசை. சென்னையில் பாகங்கள் எங்கே கிடைக்கும், எதைக் கவனிக்க வேண்டும், என்ன பாதுகாப்பு கியர் வாங்க வேண்டும்?

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: இந்த வண்டி திரும்பவும் ரோட்டில் ஓட வேண்டுமா, மண்ணோடு சரியா? செலவு, பாகம், பேப்பர் எல்லாம் அதைப் பொறுத்துத்தான் மாறும்.

ரோடும் வேண்டும் என்றால் ஃப்ரேமில் கேஸ் கட்டர் படக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, ஆர்சி-யில் உள்ள விவரத்துக்கும் கம்பெனி தந்த வடிவத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. சீட்டுக்கு அடியில் வளைந்து வரும் ஃப்ரேமின் பின் லூப்பை அறுப்பது, ஸ்விங் ஆர்மை நீட்டி வெல்டிங் வைப்பது எல்லாம் ஒருவழிப் பாதை. பட்டன் டயர் (மண்ணைப் பிடிக்கும் குமிழ்கள் வைத்தது), அகல ஹேண்டில்பார், ஃபுட் பெக் (கால் வைக்கும் கட்டை), ஸ்கிட் பிளேட் (எஞ்சின் அடியைக் காக்கும் தகடு) ஆகியவற்றை போல்ட்டில் மாட்டினால், ஒரு மாலையில் கழற்றிப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்து ஆர்டிஓ முன்னால் நிறுத்தலாம். மண்ணுக்கு மட்டும் என்றால் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அந்த வாடகையையும் கணக்கில் வையுங்கள்.

பேப்பர் விஷயத்தில் பலர் குழம்புவது 'விண்டேஜ்' பதிவில். 2021-ல் வந்த விதி 50 வயது தாண்டிய வண்டிகளுக்குத்தான். ஆர்எக்ஸ் 100 இங்கே வந்ததே 1985-ல். 1996-ல் உற்பத்தி நின்றது. ஆகவே அந்த வழி இதற்கு இல்லை. 15 ஆண்டு முடிந்த எல்லா வண்டியையும் போல 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பித்து, பசுமை வரி கட்டியிருக்க வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன் போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டு ஆர்சி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு ஆர்சி-யோடு ஒப்பிடுங்கள். நம்பர் இருக்கும் இடத்தில் அரம் போட்ட தடம் தெரிந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

வாங்கும்போது இரண்டு சோதனை. ஒன்று, பிளாக், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர். ஆர்எக்ஸ் 100-க்கு போர் (உள் விட்டம்) 50, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ.; ஆர்எக்ஸ் 135-க்கு ஸ்ட்ரோக் அதே 50, போர் 58. ஸ்ட்ரோக் ஒன்றாக இருப்பதால் 135 பிளாக்கை ஏற்றி '100' என்று விற்பது சகஜம். ஹெட்டைக் கழற்றி பிஸ்டனை அளந்தால் தெரிந்துவிடும். இரண்டு, வெள்ளம். 2015-லோ 2023 டிசம்பரிலோ தண்ணீரில் நின்ற வண்டிகள் பெயின்ட் அடித்துப் பளபளப்பாக வருகின்றன. எஞ்சினின் இடப்பக்கம் மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் கவரைத் திறங்கள். உள்ளே காய்ந்த வண்டல், அலுமினியத்தில் வெள்ளைப் பொடி இருந்தால் க்ராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) பேரிங்கும் போயிருக்கும் என்றே வைத்துப் பேரம் பேசுங்கள்.

பாகங்களுக்கு இரண்டே இடம்தான். புதியவை ஜி.பி. ரோடு, பழைய ஒரிஜினல் பாகங்கள் புதுப்பேட்டை. சீல், கேஸ்கெட், கேபிள், பேரிங், ப்ரேக் ஷூ, செயின் செட் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. ஹப், ஃபோர்க், ஏர் பாக்ஸ், மேக்னெட்டோ, ஜப்பான் மிகுனி கார்ப் (கார்புரேட்டர்) இவற்றுக்குப் புதுப்பேட்டையில் அலைவது வீண்போகாது, ஏனென்றால் புதிதாக வருவதில் பாதி டூப்ளிகேட். நம்பர் குத்திய க்ராங்க் கேஸை (க்ராங்க் இருக்கும் எஞ்சின் அடிப்பெட்டி) பேப்பர் இல்லாமல் வாங்காதீர்கள். அது யாருடைய வண்டியிலிருந்து வந்தது என்று பின்னால் போலீசுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். கடையில் வாயால் சொன்னால் 100-க்குக் கேட்டதற்கு 135-உடையது வரும்.

இனி எஞ்சின். பெயின்ட், குரோம் எல்லாம் கடைசியில். கையில் இருக்கும் காசு முதலில் க்ராங்க், சீல், போருக்குப் போகட்டும். கேஸ் ஸ்க்ரூக்கள் ஜப்பான் தரத்து நட்சத்திரத் தலை. சாதாரண ஸ்க்ரூ டிரைவர் போட்டால் தலை வழுக்கிவிடும். இம்பாக்ட் டிரைவரால் தட்டிக் கழற்றி, திரும்ப மாட்டும்போது ஆலன் போல்ட்டுக்கு மாறிவிடுங்கள். மேக்னெட்டோவைச் சுத்தியலால் அடிக்காதீர்கள், திருகு புல்லர்தான்.

டூ ஸ்ட்ரோக்கில் க்ராங்க் கேஸும் பம்ப் மாதிரி வேலை செய்வதால், இரண்டு பக்க ஆயில் சீலும் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். இடப்பக்க மேக்னெட்டோ சீல் போனால் காற்றை இழுக்கும். கலவை லீன் ஆகி (காற்று கூடி, பெட்ரோல் குறைந்து), ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்காமல் கத்தும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வலப்பக்க கிளட்ச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சும். வெள்ளைப் புகை நிற்காது, கியர் ஆயில் மட்டம் குறைந்துகொண்டே வரும். 'புகை வருது, ரிங் போச்சு' என்று போர் அடித்துவிட்டு (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிவிட்டு) அதே புகையோடு திரும்பி வரும் வண்டிகளில் பெரும்பாலும் இந்தச் சீல்தான் காரணம்.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் கைப்பம்ப் பிபி கருவி போதும். சைலன்சர் வாயை ட்யூப் ரப்பரும் தகடும் வைத்து அடையுங்கள், கார்ப் மேனிஃபோல்டில் (கார்ப்பை எஞ்சினோடு இணைக்கும் வாயில்) குழாய் பொருத்திய ரப்பர் அடைப்பை இறுக்குங்கள், ஆயில் பம்பிலிருந்து வரும் துளையையும் அடையுங்கள். ப்ளக் இடத்திலேயே இருக்கட்டும், பிஸ்டன் கீழே இருக்கட்டும். கருவியின் மானியில் 300 வரை ஏற்றுங்கள். அது சுமார் 6 பிஎஸ்ஐ. நிமிடத்துக்கு 50-க்கு மேல் இறங்கினால் கசிவு உண்டு. சோப்பு நீர் தடவினால் எங்கே என்று காட்டிக்கொடுக்கும். கார்ப் மேனிஃபோல்ட் ரப்பரில் உள்ள மயிரிழை வெடிப்பும் இதில்தான் சிக்கும்.

க்ராங்கில் புது கன்ராட் கிட் அழுத்திய பின் டயல் கேஜில் வைத்து ரன்அவுட் (சுழலும்போது வரும் கோணல்) பாருங்கள். 0.03 மி.மீ.-க்கு மேல் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். சுத்தியலால் தட்டி நேராக்குவது லேத்காரர் வேலை, அதைச் செய்யாமல் 'சரியா இருக்கு' என்பார்கள். அடுத்தது போர். ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25 மி.மீ. படிகளில் 1.00 வரை வரும். முதலில் பிஸ்டனை வாங்கி, அதைக் கையில் கொடுத்துத்தான் போர் அடிக்கச் சொல்ல வேண்டும், பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பி அல்ல. மண்ணில் வேகம் குறைவு, சுமை அதிகம், எஞ்சினைக் குளிர்விக்கும் காற்றும் குறைவு. சித்திரை வெயிலையும் சேர்த்தால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ரோட்டு வண்டிக்கான இறுக்கமான இடைவெளி ஆபத்து. 0.045 முதல் 0.05 மி.மீ. கேளுங்கள். குளிராக இருக்கும்போது லேசாகச் சத்தம் வரும், வரட்டும். போர் அடித்ததும் போர்ட் (சிலிண்டர் சுவரில் உள்ள துளை) விளிம்புகளைச் சாம்ஃபர் செய்ய, அதாவது கூர் மழுக்கச் சொல்லுங்கள். கூர்மையாக விட்டால் ரிங் மாட்டி உடையும். ரிங் இடைவெளி 0.15 முதல் 0.30 மி.மீ.-க்குள், பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம், பிஸ்டன் பின்னின் கிளிப் எப்போதும் புதிது.

எஞ்சினுக்குத் தானாக டூ ஸ்ட்ரோக் ஆயில் (2டி ஆயில்) அனுப்பும் பம்பை வைப்பதா, எடுப்பதா? ரோட்டிலும் ஓட்டினால் வையுங்கள், ஆனால் பைப்பில் ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் ப்ளீட் செய்துவிட்டு (காற்றை வெளியேற்றிவிட்டு) ஸ்டார்ட் பண்ணுங்கள். மண்ணுக்கு மட்டும் என்றால் எடுத்துவிட்டு பெட்ரோலில் கலப்பது எளிது. எடுப்பவர்கள் மறப்பது ஒன்றுண்டு: பம்ப் இருந்த இடத்துக்கு மூடித் தகடு போட்டுவிட்டு, எஞ்சினுக்குள் ஆயில் போகும் சின்னத் துளையை அப்படியே விட்டுவிடுவார்கள். அதன் வழியே காற்று புகுந்து புது பிஸ்டன் முதல் நாளே போய்விடும். ஆயில் முதல் டேங்குக்கு, பெட்ரோல் லிட்டருக்கு 40 மில்லி, பிறகு 30 மில்லி. ஜாசோ எஃப்டி தரம் என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். கலந்து ஓட்டும் வண்டியில் ஏலகிரி மாதிரி மலை இறக்கத்தில் த்ராட்டிலை முழுதாக மூடிக்கொண்டே வராதீர்கள். பெட்ரோல் போகாவிட்டால் ஆயிலும் போகாது. நடுநடுவே கிளட்ச்சைப் பிடித்து ஒரு ரைஸ் கொடுங்கள்.

இப்போது பங்கில் வருவது இ20, அதாவது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் ஊறி உப்பும். பெட்ரோல் பைப், டேப் வாஷர், ஃப்ளோட் நீடில் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். எத்தனால் கலவையை லீன் ஆக்குவதால் கார்ப்பில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக ஆரம்பித்து, ப்ளக் நிறம் பார்த்துக் குறைத்து வாருங்கள். காபிப்பொடி நிறம் சரி, சாம்பல் வெள்ளை வந்தால் உடனே நிறுத்துங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்காற்று உள்ள ஊரில் வண்டி நீண்ட நாள் நின்றால் டேங்கின் அடியில் தண்ணீர் சேரலாம். ஓட்டாத நாட்களில் கார்ப்பையும் காலி செய்துவிடுங்கள். ஏர் பாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுத் திறந்த ஃபில்டர் மாட்டுவது மண்ணில் தற்கொலை. ஃபோம் ஃபில்டரை மண்ணெண்ணெயில் கழுவி, சோப்பில் அலசி, நிழலில் காயவைத்து, 2டி ஆயிலில் ஊறவைத்துப் பிழிந்து மாட்டுங்கள். பெட்ரோலில் கழுவினால் பசை விட்டுப்போகும்.

சக்கரம், செயின் பற்றிச் சுருக்கமாக. 18 இன்ச் ரிம்மையே வைத்துக்கொண்டு முன்னால் 2.75, பின்னால் 3.00 பட்டன் டயர். ஸ்விங் ஆர்மில் உரசாமல் விரலிடை இருக்கிறதா பாருங்கள். காற்று மண்ணில் 15 பிஎஸ்ஐ அளவில். அதற்குக் கீழே போனால் டயர் ரிம்மில் சுற்றி ட்யூப் வால்வைப் பிடுங்கிவிடும். சென்னையைச் சுற்றி எங்கே போனாலும் சீமைக் கருவேல முள் உண்டு. தடித்த ட்யூபும் சீலன்ட்டும் போடுங்கள். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைப்பது பின்னால் மூன்று பல் கூட்டியதற்குச் சமம். அதில் தொடங்கினால் போதும். செயின் தளர்வை வண்டி நிற்கும் நிலையில் பார்க்காதீர்கள். ஷாக்கைக் கழற்றி, ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் பின், ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது 10 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். அங்கேதான் செயின் அதிகம் இறுகும். ட்ரம்மை ஸ்போக் கட்டிப் பெண்டு எடுத்த பிறகே லேத்தில் கடையுங்கள், அதற்கு முன்பே கடைந்தால் மறுபடி கோணிவிடும். பழைய ஷூ தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கம்பெனி ஃபுட் ரெஸ்ட் மடங்காது, விழும்போது தரையில் குத்தி வண்டியைப் புரட்டும். மடங்கும் பல் வைத்த பெக் மாட்டுங்கள்.

ஃபோர்க் சீல் புதிதாக்கி, சற்று தடித்த ஆயில் ஊற்றலாம். அதற்கு மேல் இந்த ஃபோர்க்கிடம் எதிர்பார்க்காதீர்கள், இது ஜம்ப் அடிக்கும் வண்டி அல்ல. மண் பாதைக்கும் ஏற்ற ஹீரோ எக்ஸ்பல்ஸ் பைக்கின் ஃபோர்க், 21 இன்ச் சக்கரம் என்று ஏற்ற நினைத்தால், எக்ஸ்பல்ஸையே வாங்கிவிடுவது எல்லா விதத்திலும் மலிவு.

பாதுகாப்பு கியருக்கு மொத்த பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். கடைசியில் மிஞ்சுவதில் வாங்கலாம் என்றால் மிஞ்சாது. ஹெல்மெட் ஐஎஸ்ஐ முத்திரையோடு, முன்னால் பீக் வைத்த மோட்டோக்ராஸ் வகை, கூடவே காகிள்ஸ். ரோட்டு ஹெல்மெட்டின் வைசர் புழுதியில் ஐந்து நிமிடம் தாங்காது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே கீறல் இல்லை என்று வைத்துக்கொள்ளக் கூடாது. ஹெல்மெட்டுக்கு அடுத்து பூட்ஸ், ஜாக்கெட் அல்ல. மண்ணில் வேகம் குறைவாக இருந்தாலும் வண்டி காலின் மேல்தான் விழும். கணுக்கால், முழங்கால்தான் முதலில் உடையும். முழங்கால் வரை வரும் மோட்டோக்ராஸ் பூட்ஸில் இஎன் 13634 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்க வேண்டும். முட்டி, முழங்கைக் காப்புக்கு இஎன் 1621-1, முதுகுக்கு 1621-2, மார்புக்கு 1621-3. முதுகுக் காப்பில் லெவல் 1 என்றால் அடியின் விசையில் சராசரியாக 18 கிலோநியூட்டன் வரை உடம்புக்குக் கடத்தும், லெவல் 2 என்றால் 9-க்குள். விலை வித்தியாசத்துக்கு யோசிக்க வேண்டாம். ஜி.பி. ரோட்டில் கிடைக்கும் பெயரில்லாத பிளாஸ்டிக் நீ கார்டு அடிபட்டால் உடைந்து சதையில் குத்தும், அதற்கு ஜீன்ஸே மேல். நம் வெயிலுக்கு மெஷ் ஆர்மர் போதும். காலை பத்து மணிக்கு மேல் முழுக் கியரில் ஓட்டினால் விழுவதற்கு முன் மயக்கம் வரும். தண்ணீரோடு ஓஆர்எஸ் பாக்கெட் வையுங்கள்.

ஓட்டும் இடம். ஈசிஆர் கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். ஜனவரி முதல் பங்குனிச் சித்திரை வரை ஆமைகள் முட்டையிடும் கரை அது. நன்மங்கலம் மாதிரிக் காப்புக்காட்டில் நுழைவதும் குற்றம். வற்றிய ஏரியில் ஆடு மாடு, மீன்பிடிப்பவர், நடைபோகிறவர் எல்லோரும் இருப்பார்கள். மேலே காய்ந்த களிமண் ஓட்டுக்கு அடியில் சேறு ஒளிந்திருக்கும், முன்சக்கரம் அப்படியே புதையும். செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் தெரிந்தவர் நிலத்தில் அனுமதி கேட்டு ஓட்டுங்கள், அல்லது பயிற்சி தரும் தனியார் டிராக். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் தார் போட்டது. பட்டன் டயருக்கு அங்கே வேலையில்லை.

எங்கே போனாலும் தனியாகப் போகாதீர்கள். பையில் ப்ளக் இரண்டு, ப்ளக் ஸ்பேனர், கிளட்ச் கேபிள், செயின் லாக், ஒரு ட்யூப், கைப்பம்ப், அளந்து ஊற்றிய 2டி ஆயில் பாட்டில் இருக்கட்டும். முதல் இரண்டு ஓட்டத்துக்குப் பிறகு ஹெட் நட்டுகளை எஞ்சின் ஆறிய பின் மறுபடி முறுக்குங்கள், ஸ்போக்குகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். புதிதாகக் கட்டிய சக்கரம் அப்போதுதான் தளரும்.