சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கிட்டாருக்கு ஆம்ப்பில் நல்ல டோன் எப்படி வைப்பது?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: பெங்களூரில் வாடகை வீடு, ஸ்ட்ராட் வகை கிட்டார் (ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் பாணி), 20 வாட் ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி). ட்ரெபிளை, அதாவது கூர்மையான உச்ச ஒலியை, கூட்டினால் காதைக் குத்துகிறது, குறைத்தால் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் மங்கிவிடுகிறது, கூடவே ஓயாத ரீங்காரம். தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காயில் உள்ள ஹம்பக்கர் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறார்.

வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம். நானும் பெங்களூரில், அல்சூரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனையிலும், நண்பர்களோடு சேர்ந்து வாசிக்கும்போதும் பல வருடங்களாக எனக்கு சிங்கிள் காயில்தான். ஒரு கார்டு பிடித்தால் ஆறு தந்தியும் தனித்தனியாகக் கேட்கிற அந்தத் தெளிவு வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. உங்கள் பிரச்சினையில் பெரும்பகுதி ஆம்ப்பில் மிட் (நடு ஒலி) போதாததாலும், நீங்கள் நிற்கிற இடத்தாலும் வருவது. இரண்டையும் செலவில்லாமல் சரிசெய்யலாம்.

அந்தக் குத்தல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மிக மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியது. அந்தக் காயிலும், ஆம்ப்புக்குப் போகும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் தூக்கிக் கொடுக்கும். ஸ்ட்ராட் வகைப் பிக்கப்பை ஐந்தாறு மீட்டர் கேபிளில் மாட்டினால் அந்த மேடு ஏறக்குறைய 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள இதே பகுதியில்தான். ஹம்பக்கரில் இரண்டு காயில்கள் தொடராக இருப்பதால் மேடு கீழே இறங்கிவிடும், சத்தம் தடிப்பாகக் கேட்கும். நீங்கள் மிகச் சின்ன கேபிளோ வயர்லெஸ்ஸோ பயன்படுத்தினால், சாதாரண 6 மீட்டர் கேபிள் ஒன்றை மாட்டிப் பாருங்கள். அதிலேயே கொஞ்சம் கூர்மை மழுங்கும்.

அடுத்து, காது இருக்கும் இடம். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, எனக்கோ இதுதான் முதல் படி. ஸ்பீக்கரிலிருந்து தாழ்ந்த ஒலி அறை முழுக்கப் பரவும். கூர்மையான ஒலி மட்டும் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். ஆம்ப் தரையில், நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு வாசிக்கிறீர்கள் என்றால் அந்தக் கூர்மை முழுக்க உங்கள் முழங்காலுக்குப் போகிறது. மங்கலாக இருக்கிறதே என்று ட்ரெபிளைத் திருகுவீர்கள். எதிரே கட்டிலில் உட்கார்ந்திருப்பவருக்கு அது காதைக் கிழிக்கும். ஆம்ப்பை ஒரு ஸ்டூல் மேல் வையுங்கள், அல்லது பின்னால் சாய்த்து ஸ்பீக்கர் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி வையுங்கள். அப்புறம்தான் குமிழ்களைத் தொட வேண்டும்.

இப்போது ஆம்ப். பேஸ் (அடி ஒலி), மிட், ட்ரெபிள் மூன்றையும் 5-ல் வைத்தால் எல்லாம் சமமாக வரும் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஃபெண்டர் வழிவந்த ஆம்ப்களில் அப்படி வராது. மூன்றும் நடுவில் இருக்கும்போதே சுமார் 400, 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். பேஸையும் ட்ரெபிளையும் கூட்டக் கூட்ட அந்தப் பள்ளம் ஆழமாகும். டிஜிட்டல் ஆம்ப்பில் 'கிளீன்' வகையைத் தேர்ந்தெடுத்தாலும் பெரும்பாலும் இதே குணம்தான். உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது: நடுப்பகுதியில் சத்து இல்லாதபோது ட்ரெபிளைக் குறைத்தால் கேட்பதற்கு மிச்சம் எதுவும் இருக்காது. அதனால்தான் குத்தல் அல்லது மங்கல் என்று இரண்டே நிலையில் மாட்டிக்கொள்கிறீர்கள்.

ஆகவே மிட்டிலிருந்து தொடங்குங்கள். பேஸையும் ட்ரெபிளையும் 2-க்கு இறக்கி, மிட்டை 8-க்கு ஏற்றுங்கள். கேட்க மூக்கடைத்ததுபோல் இருக்கும், பரவாயில்லை. கார்டு ஒன்றை அடித்துக்கொண்டே ட்ரெபிளை மெதுவாக ஏற்றுங்கள்; பிக் தந்தியைத் தொடும் ஓசை தெளிவாகக் கேட்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். பேஸையும் அப்படியே, ஆறாவது தந்திக்கு உடம்பு வரும்வரை மட்டும். கடைசியில் மிட்டைக் கொஞ்சம் இறக்கலாம். எனக்கு பெரும்பாலும் பேஸ் 4, மிட் 7, ட்ரெபிள் 4 என்ற இடத்தில் முடியும். உங்கள் ஆம்ப்பில் எண்கள் வேறாக இருக்கும். எண்ணைப் பார்க்காமல் காதால் முடிவு செய்யுங்கள். இந்தக் குமிழ்கள் ஒன்றையொன்று பாதிக்கும் என்பதால் ஒன்றைத் திருகியதும் மற்ற இரண்டையும் மறுபடி கேட்க வேண்டும். மிட் குமிழே இல்லாத சின்ன ஆம்ப் என்றால் மற்ற இரண்டையும் 3-க்குக் குறைத்து வால்யூமைக் கூட்டுங்கள். மிட் தானாக மேலே வந்த மாதிரி கேட்கும்.

பிரைட் சுவிட்ச் இருந்தால் வீட்டில் அதை அணைத்துவிடுங்கள். ஆம்ப்பின் வால்யூம் குறைவாக இருக்கும்போதுதான் அது ட்ரெபிளை அதிகமாகத் தள்ளும். சத்தம் கூடக் கூட அதன் விளைவு குறைந்துவிடும்.

இன்னொன்று, இதையெல்லாம் கிட்டார் வால்யூமை 7-ல் வைத்துக்கொண்டு செய்யுங்கள். சிங்கிள் காயில் கிட்டாரில் வழக்கமாக இருப்பது 250 கிலோ ஓம் வால்யூம். அதைக் கொஞ்சம் குறைத்தாலே கேபிளோடு சேர்ந்து ட்ரெபிள் இறங்கும். ஹம்பக்கர் வாசிப்பவர்கள் பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். நமக்கு இது வரம். 7-ல் வட்டமான கார்டு, 10-ல் முன்னால் வந்து நிற்கும் தனி வாசிப்பு, இடையில் ஆம்ப் பக்கம் போகவே வேண்டாம். 'ட்ரெபிள் பிளீட்' என்று ஒரு சின்ன கெப்பாசிட்டர் உள்ளே போட்டிருந்தால் இந்த மாற்றம் தெரியாது. அப்படி இருந்தால் ஒரு முனையைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

பழைய முறை ஸ்ட்ராட் வயரிங்கில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு (தந்தி முடியும் பாலத்தின் அருகே இருப்பது) ட்ரெபிளைக் குறைக்கும் டோன் கண்ட்ரோலே கிடையாது. 1954-ல் வந்த வடிவம் அது. உங்களுக்குக் குத்துவது பிரிட்ஜ் பிக்கப்தான் என்றால், கீழ் டோன் குமிழை அதற்கும் இணைக்க ஒரு துண்டு வயரும் இரண்டு சால்டரிங்கும் போதும். சாமான் பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். சால்டரிங் பழக்கம் இல்லையென்றால் கிட்டார் ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள். டோனை 6, 7-ல் வைத்தால் பிரிட்ஜ் பிக்கப் முற்றிலும் வேறு ஆளாகிவிடும்.

பிக்கப்பின் உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையிலிருந்து வரும் கிட்டார்களில் இது பெரும்பாலும் யாரும் பார்க்காமலே வருகிறது. தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்தியின் அடிப்பாகத்துக்கும் பிக்கப் காந்தத்தின் தலைக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். பழைய பாணிப் பிக்கப்புக்கு ஃபெண்டர் சொல்லும் தொடக்க அளவு தடித்த தந்திப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய தந்திப் பக்கம் 2 மி.மீ. மெல்லிய பக்கம்தான் காதைக் குத்துகிறது என்றால் அந்தப் பக்கத்து ஸ்க்ரூவை அரைச் சுற்று, அரைச் சுற்றாக இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் வாசித்துக் கேளுங்கள். சத்தம் சற்றுக் குறையும், அதை ஆம்ப்பில் ஏற்றிக்கொள்ளலாம். பதிலுக்குக் கிடைப்பது மென்மையான தொடக்கமும் நீண்ட நிலைப்பும். நெக் பிக்கப்பை (கிட்டாரின் கழுத்துப் பக்கம் இருப்பது) மட்டும் தந்திக்கு மிக அருகே வைக்காதீர்கள். அதிலுள்ள அல்நிகோ என்ற உலோகக் கலவைக் காந்தம் தந்தியையே இழுக்கும். மேல் ஃப்ரெட்டுகளில் தடித்த தந்தி சுருதி தடுமாறி, இரண்டு சுரம் ஒன்றாகக் கேட்பதுபோல் அலையடிக்கும். நிறையப் பேர் இதை டியூனிங் கோளாறு என்று நினைத்து மாதக்கணக்கில் திண்டாடுகிறார்கள். கமகம், ஜாரு என்று தந்தியை இழுத்து வாசிக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சுரம் கடைசிவரை உயிரோடு இருந்தால்தான் இழுப்பு காதில் விழும்.

இப்போது ரீங்காரம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சுவரில் ஓடும் வயரிலிருந்தும் ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தும் வரும் காந்தப் புலத்தை காயில் பிடித்துக்கொள்ளும். இதை ரத்து செய்யத்தான் கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் சேத் லவர் 1955-ல் இரண்டு காயில் உள்ள ஹம்பக்கரை வடிவமைத்தார். சிங்கிள் காயிலில் அதை முழுக்க ஒழிக்க முடியாது, ஆனால் நன்றாகக் குறைக்கலாம். ஆம்ப்பிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி, உட்கார்ந்த இடத்திலேயே மெல்லத் திரும்புங்கள். ஒரு கோணத்தில் ரீங்காரம் சட்டென்று இறங்கும். அந்தத் திசையில் நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள். இப்போதைய ஸ்ட்ராட் வகைகள் பலவற்றில் நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டது. அப்படியிருந்தால் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சின் 2, 4 நிலைகளில் (நடு பிக்கப்போடு இன்னொன்றும் சேரும் இடங்கள்) ரீங்காரம் அடங்கிவிடும்.

ரீங்காரத்தைவிட 'கரகர' என்ற இரைச்சல் அதிகமாக இருந்தால் ஃபேன் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் ஃபேன் மெதுவாக ஓடும்போது அது ஏராளமான குப்பையைக் கிளப்பும். முழு வேகத்தில் வைத்தாலோ அணைத்தாலோ நின்றுவிடும். பெங்களூர் வானிலைக்கு ஃபேன் இல்லாமலே சமாளிக்கலாம் என்பது நமக்குள்ள வசதி. டிம்மர் விளக்கு, மலிவான எல்.இ.டி., ஃபோன் சார்ஜர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைவது சாதாரணம்தான், கிட்டாரின் கிரவுண்ட் வயர் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வாடகை வீட்டு ப்ளக் பாயிண்டில் எர்த் உண்மையில் வேலை செய்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் சோதித்துவிடுங்கள். ரீங்காரம் போகிறதென்று யாராவது சொன்னாலும் ஆம்ப்பின் எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். நீங்கள் பிடித்திருப்பது உலோகத் தந்தி, உயிருக்கே ஆபத்து.

வீட்டில் வைத்த டோன் நாலு பேரோடு வாசிக்கும்போது சரிவராது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு அடி ஒலியும் உச்ச ஒலியும் குறைவாகக் கேட்கும். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933-ல் அளந்து வெளியிட்டது இது. ராத்திரி மெதுவாக வைத்து இனிமையாக்கிய டோன், சத்தம் ஏறியதும் இரைந்து குத்தும். எங்கள் ஆராதனையில் கீபோர்டு ஒரு பக்கம், பேஸ் கிட்டார் ஒரு பக்கம். அங்கே போனதும் முதலில் என் பேஸை இன்னும் குறைத்துவிடுவேன், ட்ரெபிளையும் ஒரு படி. தனியாகக் கேட்டால் ஒல்லியாகத்தான் இருக்கும், ஆனால் பாட்டுக்குள் சரியாக உட்காரும்.

டிரைவ் (கரகரப்பாக உடைந்த ஒலி) வேண்டும் என்றால் ட்யூப் ஸ்க்ரீமர் வகை பெடலை (காலால் இயக்கும் ஒலி மாற்றுப் பெட்டி) கெயின், அதாவது உடைப்பின் அளவு, குறைத்து, லெவல் கூட்டிப் போடுங்கள். அது அடி ஒலியை வெட்டி சுமார் 720 ஹெர்ட்ஸைச் சுற்றி மேடு கொடுக்கும். ஆம்ப்பில் விழுந்த பள்ளத்தை அது ஓரளவு நிரப்பிவிடும். கெயினை அதிகம் ஏற்றினால் ரீங்காரமும் கூடவே ஏறும் என்பதால், நினைப்பதைவிடக் குறைவாகவே வையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒல்லியாகவே இருந்தால், உங்கள் ஆம்ப்பின் ஸ்பீக்கர் எத்தனை அங்குலம் என்று பாருங்கள். எட்டு அங்குலத்துக்குக் குறைவு என்றால் அதனால் தர முடிந்தது அவ்வளவுதான். பெங்களூரில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாம் ரூம்கள் நிறைய இருக்கின்றன. 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள ஆம்ப் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, உங்கள் கிட்டாரை எடுத்துப்போய் ஒரு மணி நேரம் இதே வரிசையில் வைத்துப் பாருங்கள். அங்கே நன்றாகக் கேட்டால் ஹம்பக்கருக்கு வைத்திருந்த பணத்தை ஆம்ப்புக்குச் சேர்த்து வையுங்கள்.