வீட்டுத் தோட்டத்தில் பெருச்சாளி மண்ணைத் தோண்டிக் கிழங்கையெல்லாம் தின்றுவிடுகிறது. தொட்டியில் வளர்த்தால் தப்பிக்குமா?

தப்பிக்கும். ஆனால் தொட்டியைத் தரையில் அப்படியே வைத்தால் தப்பிக்காது. எங்கள் வீடு சென்னைப் புறநகரில், பின்பக்கம் மழைநீர்க் கால்வாய் ஓடும் தெருவில் இருக்கிறது. மரவள்ளி, சர்க்கரைவள்ளி இரண்டையும் பல வருடமாகத் தொட்டியில்தான் எடுக்கிறோம்.

முதலில், வருவது பெருச்சாளிதானா என்று பாருங்கள். வளை வாயில் புதுமண் குவிந்து கிடந்தாலோ, வாயே மண்ணால் அடைபட்டிருந்தாலோ அது பெருச்சாளி, இல்லையென்றால் அதன் சின்ன ரகமான வரப்பெலி. கடித்த கிழங்கில் பல் தடம் ஜோடி ஜோடியாகத் தெரியும். வளையே இல்லாமல் செடி திடீரென்று வாடி, இழுத்தால் வேரில்லாமல் கையோடு வந்தால் அது வேர்ப்புழு. வெள்ளையாக, தடிப்பாக, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும். அந்தப் புழுவுக்குத் தொட்டி மட்டும் போதாது, அதைப் பிறகு சொல்கிறேன்.

வளர்ந்த பெருச்சாளி ஒரு கிலோ எடை வரை வரும். அதன் வெட்டுப்பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கொறித்துத் தேய்த்தாக வேண்டும். கடையில் விற்கும் பச்சை வளர்ப்புப் பை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பக்கத்து மண்ணில் இறங்கி, பைக்கு அடியில் வந்து, கீழிருந்து ஓட்டை போடும். மேலே இலை பச்சையாக நிற்கும், பையைத் தூக்கினால் கனமே இருக்காது. மரவள்ளி எட்டு, பத்து மாதப் பயிர். அத்தனை மாதமும் பை மண்ணோடு ஒட்டிக் கிடந்தால் எப்படியும் ஒருநாள் கண்டுபிடித்துவிடும்.

அதனால் உயரம்தான் முக்கியம். பெருச்சாளி தோண்டுவதில் கெட்டி, ஏறுவதில் சுமார்தான். இரும்பு ஸ்டாண்டோ, ஹாலோ பிளாக் அடுக்கோ, இரண்டடி உயரத்துக்கு வைத்து அதன்மேல் தொட்டியை ஏற்றுங்கள். சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு முழம் தள்ளி வையுங்கள். ஸ்டாண்டுக்குக் கீழே பழைய சாமான் எதையும் சேர்க்கக் கூடாது. குனிந்து பார்த்தால் தொட்டியின் அடி தெரிய வேண்டும்.

200 லிட்டர் நீல ட்ரம்மைக் குறுக்காகப் பாதியாக அறுத்தால் கிழங்குக்கு அருமையான இரண்டு தொட்டி கிடைக்கும். அடியில் விரல் நுழையும் அளவுக்குத் துளைகள் போட்டு, உள்ளே அரை அங்குலக் கண் உள்ள ஜிஐ வெல்டட் மெஷ்ஷை (துத்தநாகம் பூசிய கம்பி வலையை) வெட்டிப் போட்டு, அதன்மேல் மண் நிரப்புங்கள். சுண்டெலியும் வரும் இடமென்றால் கால் அங்குலக் கண் எடுங்கள். கோழி வலை வேண்டாம், கண் பெரியது, கம்பியும் மெல்லியது. தரையில்தான் வைத்தாக வேண்டும் என்ற இடத்தில், இதே மெஷ்ஷை வாய் திறந்த கூடை மாதிரி வளைத்துக் கட்டிக் குழிக்குள் இறக்கி, விளிம்பு தரைக்கு மேலே அரையடி நிற்கும்படி விட்டு நடலாம்.

மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டால் பெருச்சாளி கவலை ஏறக்குறைய இல்லை. ஆனால் வீட்டெலி குழாயைப் பிடித்தே மேலே வரும். அதை வரவழைப்பது பெரும்பாலும் நாம் போடும் உரம்தான். மீன் கழுவிய தண்ணீர், மீன் அமிலம், கடலைப் பிண்ணாக்கு, மக்காத சமையல் கழிவு எல்லாம் எலிக்கு விருந்து. வேப்பம் பிண்ணாக்குக்கும் நன்றாக மக்கிய எருவுக்கும் மாறுங்கள்.

இப்போது வேர்ப்புழு. தொட்டிக்கு அது பெரும்பாலும் நாம் வாங்கிப் போடும் எரு வழியாகத்தான் வரும். காண்டாமிருக வண்டு மாட்டெருக் குவியலிலும் முட்டையிடும். அதன் புழு விரல் தடிமனுக்கு இருக்கும், தொட்டிக்குள் மாட்டிக்கொண்டால் வேர்ப்பகுதி முழுவதையும் கிளறிவிடும். எருவைச் சாக்கில் விரித்து, சல்லடையில் சலித்துவிட்டுப் போடுங்கள். தக்காளி, கத்தரி வேரில் முடிச்சு முடிச்சாக வந்த பழைய மண்ணை அப்படியே திரும்ப நிரப்பாதீர்கள். ஏப்ரல், மே வெயிலில் ஈரப்படுத்தி, தெளிவான பாலித்தீன் தாளால் இறுக மூடி நான்கிலிருந்து ஆறு வாரம் விட்டால் அந்த முடிச்சுக்குக் காரணமான நூற்புழு நன்றாகக் குறையும்.

எலி மருந்து வைக்காதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். மருந்து தின்று தள்ளாடும் எலியைப் பூனையும் கூகை ஆந்தையும் தின்றால் அவையும் சாகலாம். ஒரு கூகை இருக்கும் தெருவில் எலி குறைவதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம்.

இன்னொன்று, வளை இருந்த மண்ணைத் தொட்டிக்கு அள்ளும்போது கையுறையும் காலில் செருப்பும் கட்டாயம். எலிக்காய்ச்சல் கிருமி எலி மூத்திரம் பட்ட ஈரமண்ணில் இருக்கும், சின்ன வெட்டுக்காயம் போதும் உள்ளே நுழைய.

முதல் முயற்சிக்கு மரவள்ளியை விடச் சர்க்கரைவள்ளி நல்லது. ஏறத்தாழ நான்கு மாதத்தில் கிழங்கு வந்துவிடும், ஒன்றரையடி ஆழம் போதும், கொடி நுனியை வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும். கொடி தொங்கித் தரையைத் தொட்டால் மட்டும் உடனே தூக்கி மேலே விடுங்கள். எலி அதைப் பிடித்தே ஏறும், தரையில் படும் கணுவும் வேர்விட்டு அங்கே தனியாகக் கிழங்கு கட்டிவிடும்.