டார்டனில் எத்தனை நிறம்?

கேள்வி: ஸ்காட்லாந்தின் கட்டம் போட்ட டார்டன் துணி ஒன்றில் மூன்று நிற நூல்தான் என்கிறார்கள். எனக்கு நிறைய நிறம் தெரிகிறதே, எப்படி?

பதில்: உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. 'பிளாக் வாட்ச்' என்ற டார்டனின் துணித்துண்டு ஒன்று இப்போது என் மேஜையில் இருக்கிறது. நீலம், கறுப்பு, பச்சை, மூன்றே நூல். பாவில் (நீளவாட்டு நூலில்) எந்த வரிசையோ, ஊடையிலும் (குறுக்கு நூலிலும்) பெரும்பாலும் அதே வரிசை. நீலப் பாவை நீல ஊடை வெட்டினால் சுத்த நீலம். பச்சை ஊடை வெட்டினால் இரண்டும் கலந்த ஒரு சாயல். இப்படி மூன்று சுத்த நிறம், மூன்று கலப்பு, ஆக ஆறு. அந்தக் கலப்புக் கட்டத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: நீலமும் பச்சையும் பொடிப்பொடிச் சாய்கோடுகளாக ஓடும். ஒவ்வொரு நூலும் இரண்டின் மேல், இரண்டின் கீழ் போய், அடுத்த வரிசையில் ஒரு நூல் தள்ளித் தொடங்குவதால் வரும் சாய்வு அது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம்.

கோடுகளின் இந்த வரிசைக்கு 'செட்' என்று பெயர். ஒரு கோடு கூடினாலே டார்டன் வேறாகிவிடும். பிளாக் வாட்சின் பச்சைப் பட்டை நடுவே மஞ்சள் கோடு ஓடினால் அது 'கார்டன்' (Gordon) என்ற டார்டன்.

அப்புறம், ஒவ்வொரு ஸ்காட்லாந்துக் குலத்துக்கும் ஆதியிலிருந்தே தனி டார்டன் என்பதை நம்பாதீர்கள். அந்த வழக்கம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில், 1822இல் பிரிட்டனின் நான்காம் ஜார்ஜ் மன்னர் ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு வந்ததை ஒட்டி வேரூன்றியது.